பரவைக்கடலில் சீனி

றியாஸின் கால் முறிந்தது ஒட்டுமடச் சந்தியில். குறுக்கே வந்த ஓட்டோவுக்கு விலகப்போனவன் மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் போய் விழுந்தான். தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. உள்ளே கம்பி வைத்துத் தைத்து, மயக்கம் தெளிந்து அவன் கண்ணைத் திறந்தபோது மனைவி பஹ்மிதா கட்டிலருகே நின்றாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"சீனியை இண்டைக்கு ஆர் நடத்தினது?" என்று கேட்டான்.

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை நின்றுபோனது. "கால் ரண்டு துண்டாக் கிடக்குது. நீங்கள் குதிரையைக் கேக்கிறியள்."

"கால் பொருந்தும், பஹ்மிதா. அவளைப் பழக்கிறதை இடையிலை விட்டால் எல்லாம் போச்சு."

சோனகதெருவில் கலியாணத்துக்குக் குதிரை வண்டி விடுகிறவன் றியாஸ். மாப்பிள்ளை ஊர்வலம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, கோயில் வாசலுக்குப் பிரமுகர்களை அழைத்து வருவது என்று யாழ்ப்பாணம் முழுக்க அவனுடைய வண்டி ஓடும். வண்டியை இழுப்பது ராணி என்ற வெள்ளைக் குதிரை. நுவரெலியாவிலிருந்து ராணியைக் கொண்டுவந்தபோது அதன் வயிற்றில் குட்டி இருந்தது விற்றவனுக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது. ஒரு நாள் விடிய எழும்பிப் பார்த்தால் தாய்க்குப் பக்கத்தில் சிவப்புச் சீனி நிறத்தில் ஒரு பெட்டைக் குட்டி நாலு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு நின்றது. அதுதான் சீனி. இப்போது அதற்கு மூன்று வயது.

பஹ்மிதாவுக்குக் குதிரை என்றாலே பயம். அவள் தையல்காரி. முன்னறையில் மெசினும் அவளும் துணியும் ஒரு உலகம். பின்வளவில் றியாஸும் குதிரைகளும் இன்னொரு உலகம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு, அதை அவள் எப்போதும் சாத்தியே வைத்திருப்பாள். கால் முறிவதற்கு ஒரு மாதம் முதல் சீனி உதைத்து, பின்வீட்டுக் கமலாவதியின் தகர வேலி சப்பளிந்து போயிருந்தது. கமலாவதி நல்ல மனுசி, சண்டைக்கு வரவில்லை. "பிள்ளை, உது ஒருநாள் ஆரையேன் கொல்லப்போகுது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்தே சீனியை வவுனியாவில் உள்ள தோட்டக்காரர் ஒருவரிடம் அனுப்பிவிடச் சொல்லி பஹ்மிதா நச்சரித்துக்கொண்டிருந்தாள். றியாஸ் நாளைக் கடத்தினான். இப்போது காலும் போய்ப் படுக்கையில் கிடந்தான்.

வண்டி ஓட்ட நாவாந்துறை ஜெரோசன் இருந்தான். ராணி அவனுக்கு அடங்கும். ஆனால் மிருக வைத்தியர் ஊசி போட வந்தபோது சீனியை அமத்திப் பிடித்தவன் அவன்தான்; அதற்குப் பிறகு அவனுடைய நிழலைக் கண்டாலே சீனி காதைப் பின்னால் மடிக்கும்.

"எனக்காக ஒருக்கா," என்று றியாஸ் கேட்டான். "ஏற வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நடுவிலை போய் நிண்டால் காணும். நான் யன்னலாலை சொல்லித்தாறன்."

அவள் ஒரு வாரம் மாட்டேன் என்றாள். பிறகு, அவன் இரவும் பகலும் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்ததைத் தாங்க முடியாமல், ஓம் என்றாள்.

படுக்கையறை யன்னல் பக்கத்து வளவைப் பார்த்தபடி இருந்தது. அது றியாஸின் மாமா மகன் றஊபின் வீடு. தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது புத்தளத்துக்குப் போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். கூரையில்லை, நடுச்சுவர்கள் விழுந்து முழுவீடும் ஒரே மண்டபமாகக் கிடந்தது, சீமெந்து பெயர்ந்து தரை மணலாகிவிட்டது. அதற்குள்தான் றியாஸ் சீனியைப் பழக்கினான். மூலை கிடைத்தால் குதிரை அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பின்னங்காலைக் காட்டும் என்று, நாலு மூலையிலும் பனங்குற்றிகளை அடுக்கி வட்டமாக்கி வைத்திருந்தான்.

முதல்நாள் பஹ்மிதா அந்த வட்டத்தின் நடுவில் போய் நின்றாள். கையில் இருந்த கயிற்றைப் பாம்பைப் பிடிப்பதுபோல் தூரத்தில் பிடித்திருந்தாள். சீனி அவளைக் கண்டதும் சுவரோரமாக ஓடத் தொடங்கியது. மணல் பறந்தது. குளம்பு அடிக்கிற அடி அவளுடைய உள்ளங்காலில் கேட்டது.

"பின்காலைப் பார்! தோளைப் பாராதை!" யன்னலுக்குள்ளிருந்து றியாஸ் கத்தினான். "கையை உயத்து! உயத்தாதை, உயத்தாதை! ஒரு அடி பின்னாலை எடு!"

அவள் எதைச் செய்தாலும் சீனி இன்னும் வேகமாக ஓடியது. அவளுக்குத் தலை சுற்றியது. கடைசியில், போதும், வவுனியாவுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான் என்று திரும்பி, வாசலைப் பார்த்து நின்று கண்ணைத் துடைத்தாள். குளம்புச் சத்தம் நின்றுவிட்டது. றியாஸின் சத்தமும் நின்றுவிட்டது. என்ன நடந்தது என்று பார்க்க அவள் தலையைத் திருப்புவதற்கிடையில் பிடரியில் ஏதோ சுட்டது.

மூச்சு. முக்காட்டுத் துணியை ஊடறுத்துக்கொண்டு, ஈரமும் புல் வாசமுமாக ஒரு மூச்சு அவளுடைய பிடரியில் பட்டுப் பட்டு விலகியது. பின்னால் நின்றது அவளைவிட எவ்வளவோ பெரிய உயிர். ஒரு உதையில் தகரத்தைச் சப்பளித்த உயிர். அது அவளுடைய தோளுக்குப் பக்கத்தில் தலையைத் தாழ்த்தி, வாயை மென்றுகொண்டு, அடுத்தது என்ன என்று கேட்கிற மாதிரி நின்றது. பஹ்மிதா அசையவில்லை. அசைந்தால் அது போய்விடும் என்று பயந்தாள். முதல் தரமாக, குதிரை கிட்ட வரும் என்ற பயம் போய், குதிரை விலகிப் போய்விடும் என்ற பயம் வந்திருந்தது.

"கண்டியா?" என்றான் றியாஸ் யன்னலுக்குள்ளிருந்து, மிக மெல்ல. "கண்டியா, பஹ்மிதா?"

அதற்குப் பிறகு விடியக்காலமைத் தொழுகை முடிந்ததும் கதவைத் திறந்துகொண்டு அவளாகவே பின்வளவுக்குப் போகத் தொடங்கினாள். றியாஸ் சொல்லிக்கொடுத்தான். "கயிற்றை இழுக்காதை. மெல்லக் கேள். அவள் ஒரு விரக்கடை அசைஞ்சாலும் உடனை விட்டிடு. விடுறதிலைதான் அவள் படிப்பாள்." அவளுக்கு அது பிடிபட்டது. ஆனால் அவன் கத்துவது பிடிக்கவில்லை. அவன் கத்த, சீனியின் ஒரு காது யன்னல் பக்கம் போகும்; மற்றக் காது அவளிடம் நிற்கும்; நடுவில் அந்தப் பிராணி எதைக் கேட்பது என்று தெரியாமல் தவிக்கும். ஒருநாள் அவள் நேரே போய் யன்னலைச் சாத்தினாள்.

"ஏய்! இது என்ன விளையாட்டு?"

"நீங்கள் பாத்தால் காணும். கண்ணாடிக்குள்ளாலை வடிவாத் தெரியும்."

அவன் இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு பார்த்தபடி இருந்தான்.

அவள் கண்டவற்றை ஆருக்கும் சொல்லத் தெரியவில்லை. இடப்பக்கத்தில் உரப் பையைத் தடவிக் காட்டினால் சீனி பழகிவிடும். அதே பையை வலப்பக்கத்துக்குக் கொண்டுபோனால் வாழ்நாளில் காணாத பேயைக் கண்ட மாதிரித் துள்ளும். குதிரைக்கு இரண்டு பக்கமும் கண், ஒரு கண் படித்தது மற்றக் கண்ணுக்குச் சேராது, அதனால் எல்லாவற்றையும் இரண்டு தரம் படிப்பிக்க வேணும் என்று றியாஸ் சொன்னான். ஒரே தோலுக்குள் இரண்டு பிள்ளைகள் இருப்பதாக நினைத்துக்கொண்டு அவள் இரண்டு பேருக்கும் பொறுமையாகப் படிப்பித்தாள். விலாவில் ஒரு விரலை வைத்தால் போதும், அவ்வளவு பெரிய உடம்பு பின்பக்கத்தைத் தூக்கி விலகிக் கொடுக்கும். பிறகு விரலும் தேவைப்படவில்லை. விரலை நீட்டுகிற நினைப்பே போதுமாக இருந்தது. ஒருநாள் முதுகில் ஒரு சின்ன இலையான் பறந்து வந்து இருந்தது. அந்த இடத்துத் தோல் மட்டும் சிலிர்த்து அதை உதறியது. இலையானின் கால் படுவது தெரிகிற தோல். இதன் மேல் ஒரு மனுசர் ஏறி இருக்கப்போகிறாரே என்று நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது.

கார்த்திகை மழைக்குக் கூரையில்லாத மண்டபம் குளமாகியது. வேறு வழியில்லாமல் தண்ணீருக்குள்ளேயே நடத்தினாள். முதலில் மூக்கை விட்டு ஊதிப் பார்த்த சீனி, பிறகு முன்னங்காலால் தண்ணீரை அடித்து அவளை நனைத்து, அதைத் திரும்பத் திரும்பச் செய்தது. அன்றைக்கு அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். கண்ணாடிக்குப் பின்னால் றியாஸும் சிரித்தது தெரிந்தது.

தை பிறந்த பிறகு மெல்லிய சேணமொன்றைக் கட்டிப் பழக்கினார்கள். அதன் அடியில் விரிக்கும் பஞ்சுத் துணியைப் பஹ்மிதாவே தைத்தாள். மணல் நிரப்பிய சாக்கைச் சேணத்தில் போட்டு நடத்தினாள். மிச்சமாக இருந்தது ஆள் ஏறுவது மட்டும்தான்.

"ஜெரோசன் ஏறட்டும்," என்றான் றியாஸ். அவன் இப்போது இரண்டு ஊன்றுகோலில் நடந்தான். "பொடியன் நிறையில்லை. விழுந்தாலும் எழும்புவான். பரவைக்கடலுக்குக் கொண்டுபோவம். இடுப்பளவு தண்ணியிலை குதிரையாலை துள்ளேலாது, விழுந்தாலும் நோகாது."

மாசி மாதம் ஒரு காலமை பஹ்மிதாவும் ஜெரோசனும் சீனியை நாவாந்துறைக் கரைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். றியாஸ் ஓட்டோவில் வந்தான். காற்றேயில்லை. ஆழமில்லாத பரவைக்கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரிக் கிடந்தது. எங்கே கடல் முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. தூரத்தில் இறால் பிடிக்கிற இரண்டு பேர் வலையை இழுத்துக்கொண்டு வானத்துக்குள் நடப்பதுபோலத் தெரிந்தது. அதற்கப்பால், மண்டைதீவுப் பக்கமாக, வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு நீளக் கோடு. பூநாரைகள் மேய்ந்துகொண்டிருந்தன.

பஹ்மிதா சீனியின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். ஜெரோசன் மெல்ல வந்தான். ஊசிக்கு அமத்திப் பிடித்த பழைய கதை அவனுக்கும் சீனிக்கும் இடையில் இருந்தது. அவன் கிட்ட வர வர சீனியின் கழுத்து விறைத்தது. அவன் வயிற்றைச் சேணத்தில் போட்டுக் குறுக்கே படுத்ததுதான் தாமதம், சீனி ஒரு பக்கமாகச் சரிந்து பாய, அவன் முதுகடியாகத் தண்ணீருக்குள் போனான். எழும்பித் தலையை உதறிச் சிரித்தான்.

"இன்னொருக்கா, அக்கா."

இரண்டாம் தரம் சீனி பாயவில்லை. அப்படியே நின்றது. ஆனால் நின்ற விதம் பஹ்மிதாவுக்குப் பிடிக்கவில்லை. தோலுக்குக் கீழே எல்லாம் நடுங்கியது. கண்ணில் வெள்ளை தெரிந்தது. மூச்சு வெளியே வரவில்லை.

"இறங்கு, தம்பி."

"அவள் நிக்கிறாளே, அக்கா..."

"அவள் நிக்கேல்லை. பொறுத்துக்கொண்டிருக்கிறாள். இறங்கு."

அவன் இறங்கினான். சீனி ஒரு நீண்ட மூச்சை விட்டு, நெற்றியைக் கொண்டுவந்து பஹ்மிதாவின் மார்பில் முட்டியது. கரையில் ஊன்றுகோலோடு நின்ற றியாஸ், "சரி, இண்டைக்குக் காணும், வாங்கோ," என்றான்.

அவள் போகவில்லை. சீனியின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இதயம் அடிப்பது உள்ளங்கைக்குத் தெரிந்தது. அது மெல்ல மெல்ல இறங்கி ஒரு நிதானத்துக்கு வந்தது. தன்னுடையதும் அப்படியே இறங்கியிருப்பதை அவள் பிறகுதான் கவனித்தாள்.

"நான் ஏறுறன்," என்றாள்.

றியாஸ் தண்ணீருக்குள் இறங்கப் பார்த்து, ஊன்றுகோல் சேற்றில் புதைய நின்றுவிட்டான். "விசரே உனக்கு? உன்ரை வாழ்நாளிலை ஏதாவதொண்டிலை ஏறியிருக்கிறியா? சைக்கிளிலை கூட..."

"சைக்கிள் என்னைக் கேட்டதில்லை."

"ஆக்கள் பாப்பினம், பஹ்மிதா."

அவள் இறால்காரர் பக்கம் பார்த்தாள். நீண்ட அங்கிக்குக் கீழே காற்சட்டை போட்டிருந்தாள்; அங்கியை முழங்கால் வரை சுருட்டி இடுப்பில் முடிந்தாள். "பாக்கட்டும்," என்றாள்.

றியாஸ் ஊன்றுகோலைச் சேற்றிலிருந்து இழுத்தெடுத்தான். "முதலிலை படு. குறுக்கை படு. அவள் மூச்சு விட்ட பிறகு காலைப் போடு," என்றான்.

ஜெரோசன் இரண்டு கையையும் கோத்துப் பிடித்தான். அதில் காலை வைத்து அவள் சீனியின் முதுகுக்குக் குறுக்கே படுத்தாள். காதுக்குக் கீழே விலா ஏறி இறங்கியது. உள்ளே குடல் உறுமுவது கேட்டது. ஒரு வீட்டுக்குள் காதை வைத்துக் கேட்பதுபோல, அங்கே ஆரோ குடியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. சீனி மூச்சை விட்டது. அவள் காலைப் போட்டாள். நிமிர்ந்து, தலைக்கட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த கடிவாளக் கயிறுகளைக் கையில் எடுத்தாள்.

முதலில் பயமும் வரவில்லை, மகிழ்ச்சியும் வரவில்லை. உயரம் மட்டும்தான் வந்தது. பரவைக்கடல் சட்டென்று பெரிதாகிவிட்டது. அவளுக்கு முன்னால் ஒரு பிடரி, அதன் முடிவில் இரண்டு காதுகள். இரண்டும் பின்னோக்கி, அவள் பக்கம் திரும்பியிருந்தன.

"நடப்பம்," என்றாள்.

நிலத்தில் நின்று எத்தனையோ தரம் சொன்ன சொல். இப்போது அது மேலிருந்து வந்தது. சீனி யோசித்தது. அது யோசிப்பது அவளுடைய தொடைக்குத் தெரிந்தது. பிறகு ஒரு காலைத் தூக்கியது. தூக்கியதும் தன் முதுகில் ஒரு பாரம் இருப்பதைப் புதிதாகக் கண்ட மாதிரித் தள்ளாடி, மற்றக் காலை அகட்டி வைத்து, சரிவந்ததும் இன்னொரு காலை எடுத்தது. பிறந்த அன்று நாலு காலையும் அகட்டி நின்ற பிராணி, இப்போது இன்னொருவரைச் சுமந்துகொண்டு நடக்கத் திரும்பவும் படித்தது. பஹ்மிதா தன் உடம்பை எங்கே வைத்தால் அதற்குச் சுகம் என்று தேடினாள். சீனியும் தேடியது. தேடித் தேடி, ஒரு இடத்தில் இரண்டு பேரும் அகப்பட்டுக்கொண்டார்கள்.

அவர்கள் ஆழமில்லாத பக்கமாக நடந்தார்கள். குளம்பு தண்ணீரைக் கிழிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. தலைக்கயிறு பிடிக்கக் கூட வந்த ஜெரோசன் கயிற்றை எப்போது கைவிட்டான் என்று அவளுக்குத் தெரியாது.

அப்போதுதான் பூநாரைகள் எழும்பின. எது கலைத்ததோ, அந்த நீளக் கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தண்ணீரிலிருந்து பிரிந்து, ஓடி, செட்டை விரித்து, நூற்றுக்கணக்கில் நேரே இவர்களை நோக்கி வந்தது. விரித்த செட்டையின் உட்பக்கம் நெருப்புச் சிவப்பு. சீனியின் முதுகு அவளுக்குக் கீழே வில்லாக வளைந்தது. அடுத்த கணம் அது ஓடும். ஓடினால் நிற்பாட்ட அவளுக்குத் தெரியாது.

"இழுக்காதை! இழுக்காதை, பஹ்மிதா!" றியாஸ் கரையிலிருந்து கத்தினான்.

அவள் இழுக்கவில்லை. இடக்கைக் கயிற்றில் ஒரு விரலை மட்டும் மடித்தாள், மண்டபத்துக்குள் நின்று மடிக்கிற மாதிரி. நெஞ்சில் பிடித்திருந்த மூச்சை முழுக்க வெளியே விட்டாள். சீனியின் ஒரு காது பறவைகளைப் பார்த்து விறைத்து நின்றது. மற்றக் காது நடுங்கி, தயங்கி, அவள் பக்கம் திரும்பியது.

அந்தக் காது அவளிடம் கேட்டது. ஓடி உயிர் தப்புவதற்கென்றே படைக்கப்பட்ட பிராணி, ஓடுவதற்கு முதல் அவளைக் கேட்டது.

"நில்லு, கண்ணே," என்றாள். சத்தம் வந்ததோ இல்லையோ தெரியாது.

சீனி நின்றது. பறவைகள் தலைக்கு மேலால் போயின. செட்டைக் காற்று அவளுடைய முக்காட்டை எடுத்து முதுகில் போட்டது. தண்ணீரில் அவற்றின் நிழல் ஓடிச் சீனியின் கழுத்தில் ஏறி, அவள் கையில் ஏறி, அப்பால் போனது. எவ்வளவு நேரம் என்று அவள் அறியமாட்டாள். கடைசிப் பறவையும் போன பிறகு பார்த்தால் அவளுடைய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து நாடியில் சொட்டிக்கொண்டிருந்தது. "அல்லாஹ்வே," என்று ஒரு சொல் மட்டும் வாயில் வந்தது. தூரத்தில் இறால்காரர் இரண்டு பேரும் வலையைக் கைவிட்டு இவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் இறங்கினாள். சீனியின் காலடியில், ஆழமில்லாத தண்ணீருக்குள்ளேயே இருந்துவிட்டாள். சீனி குனிந்து அவளுடைய தலையை மணந்தது. றியாஸ் ஊன்றுகோலைக் கரையில் எறிந்துவிட்டு ஜெரோசனின் தோளில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். சீனியின் கழுத்தில் ஒரு கையும் பஹ்மிதாவின் தலையில் ஒரு கையுமாக நின்றான்.

அன்று பின்னேரம் பேராதனையில் படிக்கிற மகள் சப்னா போன் எடுத்தாள். றியாஸ் ஏற்கெனவே அவளுக்குச் சொல்லியிருந்தான்.

"உம்மா! உண்மையே? நீங்களோ? எப்பிடி இருந்தது?"

பஹ்மிதா மெசினுக்கு முன்னால் இருந்தாள். தொடை இரண்டும் இன்னும் நடுங்கியதால் மிதிக்க ஏலாமல் சும்மா இருந்தாள். எப்படி இருந்தது என்று சொல்ல ஒரு சொல்லைத் தேடினாள். பறவைகளைச் சொல்லலாம் என்று பார்த்தாள். அது பறவைகள் இல்லை. உயரத்தைச் சொல்லலாம் என்று பார்த்தாள், அதுவும் இல்லை.

"அவள் என்னைக் கேட்டவள், மகள்," என்றாள் கடைசியில். "ஓடட்டோ, நிக்கட்டோ எண்டு என்னைக் கேட்டவள்."

"பிறகு?" என்றாள் சப்னா.

"பிறகென்ன. நிண்டவள். வீட்டை வந்தனாங்கள். நாளைக்குக் குடுக்க ரண்டு சட்டை கிடக்குது, வை மகள், தைக்கவேணும்."

போனை வைத்தாள். ஆனால் மெசினை மிதிக்கவில்லை. எழும்பிப் பின்வளவுக்குப் போனாள்.